அம்மா சுவரில் இருந்த வருஷம்

ராஜா,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. "நீ சொன்னா கலை கேப்பாம்மா. மீனாவை விட்டுட்டுப் போவாதனு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. உனக்குத் தெரியாததா?" என்றாய். உன் மனைவிக்கு நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உன் மகளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. நானும் அதே நாட்டுக்கு, அதே மாதிரி பரிமாற்ற மாணவியாக, உன்னை அதே வயதில் விட்டுவிட்டுப் போனவள். அதற்காக இத்தனை காலமும் நான் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருப்பேன், கலையைத் தடுக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நீ நினைத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. அந்த வருஷத்தைப் பற்றி நம் வீட்டில் யாரும் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாம் கும்மிடிப்பூண்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். இப்போது நீ பார்க்கிற தொழிற்சாலைகளும் லாரி வரிசையும் அன்றைக்கு இல்லை. ஸ்டேஷனைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் பனைமரங்கள், அவ்வளவுதான். உன் நைனா கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். நான் காலையில் பாசஞ்சர் பிடித்துப் பட்டணம் போய், மண்ணைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, குழந்தையும் பெற்ற பிறகு புத்தகப் பையோடு ரயில் ஏறுகிறவளை எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நான் மண்ணைப் படிக்கப் போனதற்குக் காரணம் பொன்னேரிக்குக் கிழக்கே இருந்த என் அப்பாவின் கீழ்க்கழனி. பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து உப்புத் தண்ணீர் ஏறி ஏறி, கோடையில் அந்தக் கழனி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். நட்ட பயிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கருகும். அப்பா வரப்பில் நின்று பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். சின்ன வயதிலிருந்து அவர் பின்னால் நின்று அதைப் பார்த்தவள் நான்.

நெதர்லாந்துக்காரர்கள் கடலை வெளியே தள்ளிவிட்டு, கடல் இருந்த இடத்திலேயே கோதுமை விளைவிக்கிறவர்கள். அங்கிருந்து ஒரு மாணவர் நம் பக்கம் வருவதாகவும், இங்கிருந்து ஒருவர் அங்கே போவதாகவும் ஏற்பாடாயிற்று. எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உப்பு நிலத்தைப் பத்திப் படிக்கறது இங்க நீ ஒருத்திதான். போறியா?" என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், வேண்டாம் என்று. இரண்டரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்?

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உன் நைனா உன்னை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னா, மூஞ்சே சரியில்ல?" என்றார். சொன்னேன். போகப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் உன் சுண்டுவிரல் நகத்தை வெட்டி முடித்தார்.

"போவலன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். கொழந்தைய யாரு பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

"இன்னா, எனுக்குக் கை இல்லியா? இப்ப நகம் வெட்டிக்கினு கீறது யாரு, உங்க பேராசிரியரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவர் உன்னை இறக்கிவிட்டுச் சொன்னார்: "உங்கப்பா அந்தக் கழனிய பாக்கற பார்வைய நான் பாத்துக்கீறேன். நீ போய்ப் படிச்சிக்கினு வா. ஒரு வருசம் தானே. புள்ள எங்கியும் போயிட மாட்டான்."

உன் அத்தை, நைனாவின் அக்கா, கேள்விப்பட்டுப் பொன்னேரியிலிருந்து கிளம்பி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர்கூட வாங்கவில்லை. "பெத்தவ உயிரோட கீறப்பவே புள்ளைய அனாதையா உட்டுட்டுப் போறியேம்மா. சரி, போறதுதான் போற, கொயந்தைய என்கிட்ட குடு. ஆம்பள வளக்குற புள்ள உருப்படுமா?" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. உன்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் உன் நைனா அசையவில்லை. "புள்ள அவன் ஊட்ல இருப்பான் அக்கா. நீ எப்ப வேணா வா, வந்து பாரு, நாஷ்டா துன்னுட்டுப் போ. தூக்கிக்கினு மட்டும் போவாத" என்று சொல்லிவிட்டார்.

புறப்படுகிற நாள் நெருங்கியது. எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: குழந்தை மத்தியானம் தூங்கும்போது கிளம்பிவிடு, எழுந்ததும் கொஞ்சம் அழுவான், மறந்துவிடுவான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உன் நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "தூங்கறப்ப போவாத. முயிச்சிக்கினு கீறப்ப சொல்லிட்டுப் போ. ஏமாத்திட்டுப் போனா அப்புறம் அவன் கண்ண மூட பயப்படுவான்" என்றார். அதனால் உன்னை முன்னால் நிறுத்தி, அம்மா தூர ஊருக்குப் போகிறேன், ரொம்ப நாள் கழித்து வருவேன் என்று சொன்னேன். உனக்கு என்ன புரிந்ததோ, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாய். பிளாட்பாரத்தில் வண்டி நகர்ந்தபோது நீ கத்திய கத்தல் எனக்கு அடுத்த ஸ்டேஷன் வரை கேட்டது. இல்லை, கேட்டிருக்க முடியாது. கேட்டதாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பம்பாய் வரை ரயில், அங்கிருந்து விமானம். நான் போய்ச் சேர்ந்தது ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். தெருக்கள் கழுவிவிட்ட மாதிரி இருந்தன, மனிதர்கள் கண்ணில் படவே இல்லை. என்னோடு அறையில் தங்கியிருந்த பெண்ணின் பெயர் வில்லி. நம் பாஷையில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், சினிமாவில் அவள் என்னென்ன செய்வாள் என்று நான் விளக்கியபோது கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு நான் குழம்பு வைக்கும்போதெல்லாம் கதவருகே நின்று, "வில்லி வந்திருக்கிறேன், சாப்பாட்டைக் கொடு" என்று கண்ணை உருட்டுவாள். உன் நைனாவுக்கு எழுதினேன். "வில்லியோடு குடித்தனமா? பார்த்து இரு" என்று பதில் வந்தது. வில்லிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் அதைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டாள், ஒரு எழுத்தும் தெரியாமலே.

முதல் மாதங்கள் கஷ்டம்தான். அவித்த உருளைக்கிழங்கு, ஆறிப்போன ரொட்டி, நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற வானம். கொண்டுபோன புளியும் மிளகாய்த் தூளும் தீர்ந்த நாளில் ஒரு மரணம் நடந்தது போல உட்கார்ந்திருந்தேன். ஆனால் வகுப்புகள் தொடங்கி, கடலிலிருந்து மீட்ட நிலத்துக்கு எங்களை அழைத்துப்போன பிறகு எல்லாம் மாறிவிட்டது. கரைக்கு அந்தப் பக்கம் கடல் நம் தலைக்கு மேலே நிற்கிறது. இந்தப் பக்கம் பள்ளத்தில் மாடு மேய்கிறது. உழுத மண்ணில் குனிந்து ஒரு கை அள்ளினால் அதில் கிளிஞ்சல். பழவேற்காட்டில் நான் பொறுக்கிய அதே மாதிரிக் கிளிஞ்சல். நிலத்துக்கு அடியில் குழாய் புதைத்து, மழைத்தண்ணீரை விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். எத்தனை பொறுமை! அங்கே நின்றபோது அப்பா வரப்பில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் எங்கிருந்து வருகிறேன் என்று அறிந்த பேராசிரியர் ஒருவர் பழைய வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார். அதில் நம் பழவேற்காடு இருந்தது, அவர்கள் வாயில் நுழைந்த மாதிரி ஒரு பெயரில். பழவேற்காட்டில், அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய அவர்களுடைய கல்லறைகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். எங்கிருந்தோ வந்து நம் ஊரில் செத்தவர்கள் என்று மட்டும் அப்போது தோன்றியது. இப்போது நான் அந்த எங்கோவில் நின்றுகொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, ராஜா. அந்த வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அங்கே அழுதுகொண்டே இருந்தேன் என்றுதான் உன் அத்தையும், அக்கம்பக்கத்தவர்களும், ஏன் நீயும் நம்ப விரும்புவீர்கள். அழுதேன், உண்மைதான். ஆனால் காலையில் எழுந்து, யாருக்கும் எதுவும் வைக்காமல், எடுக்காமல், என் படிப்பை மட்டும் நினைத்துக்கொண்டு ஆற்றங்கரை வழியே நடந்து போகிற அந்த நடை, பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்ததில்லை. நீ எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஒருவர் இல்லை. ஒரு சாயங்காலம் கடைக் கண்ணாடிக்குள் குட்டிச் சிவப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான், அன்று காலையிலிருந்து உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று உறைத்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னடா தாய் நான் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் புரிந்தது. உன்னை நினைக்காமல் என்னால் ஒரு நாள் இருக்க முடிந்ததென்றால், நீ பத்திரமாக இருக்கிறாய் என்று என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. உன் நைனாமேல் எனக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு வீட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. உனக்கு அம்மை போட்டிருக்கிறது, உடம்பெல்லாம் பொரிந்திருக்கிறது, காய்ச்சல் விடவில்லை. எழுதி எத்தனையோ நாளாகியிருந்தது. கையில் பிடித்திருக்கும்போதே அது பழைய செய்தி. நீ எழுந்து விளையாடிக்கொண்டிருக்கலாம், இல்லை... அந்த இல்லைக்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டினேன். வில்லி என்னோடு பேராசிரியரிடம் வந்தாள். போவதென்றால் உடனே அனுப்புகிறோம், ஆனால் படிப்பைத் திரும்ப வந்து தொடர முடியாது என்றார் அவர். நான் தந்தி கொடுத்தேன்: வரட்டுமா? பதில் வரும்வரை வில்லி என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பதில் ஆங்கிலத்தில் வந்தது. உன் நைனாவின் ஆங்கிலம் உனக்குத் தெரியுமே. "பாய் ஈட்டிங். யூ ஸ்டடி." அவ்வளவுதான். அதைப் படித்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் அழுதோம். வில்லி என் பெட்டியைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள், எல்லாவற்றையும் தப்பாக மடித்து.

அந்த நாட்களில் இங்கே நடந்ததைப் பிறகு உன் அத்தைதான் சொன்னார். உன் நைனா வேலைக்குப் போகாமல் உன் பாய் அருகிலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தாராம். ஆபீசில் மேலதிகாரி, "ஏன்யா, ஊட்ல பொண்டாட்டி இல்லியா?" என்று கேட்டதற்கு, "படிக்கப் போயிருக்கா சார்" என்றாராம், கூச்சமே இல்லாமல். அதிலிருந்து கூட்ஸ் ஷெட்டில் அவருக்கு நான் போன நாட்டின் பெயரையே, 'ஆலந்து' என்று வைத்துவிட்டார்கள். "இன்னா ஆலந்து, புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டியா?" என்று கேலி செய்வார்களாம். "ஊட்டியாச்சு. உன் புள்ளைக்கு நீ ஊட்டினியா?" என்பாராம் இவர். உனக்கு உடம்பு தேறியதும் உன்னையும் ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார். கேலி பேசியவர்களே உனக்கு நுங்கும் வேர்க்கடலையும் வாங்கி வந்து தந்திருக்கிறார்கள்.

படிப்பை முடித்துக்கொண்டு திரும்பினேன். சென்ட்ரலில் உன் நைனா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நீ வளர்ந்திருந்தாய், கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று. நான் கையை நீட்டினேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

"அம்மாடா. போ" என்றார்.

"இது அம்மா இல்ல நைனா. அம்மா ஊட்ல கீறா, செவுத்துல" என்றாய் நீ.

என் போட்டோவைச் சுவரில் மாட்டி, தினமும் காலையில் உன்னைத் தூக்கிக் காட்டி, அம்மாவுக்கு டாட்டா சொல்ல வைத்திருக்கிறார். நீயும் அந்த வருஷம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் எனக்கு டாட்டா சொல்லியிருக்கிறாய். அம்மா என்பவள் சுவரில் இருக்கிறவள் என்று உனக்கு உறுதியாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி வரை பாசஞ்சரில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் போட்டோவிடம் போய் நின்றாய். அன்றிலிருந்து என்னை 'அவங்க' என்றுதான் சொன்னாய். ஒரு காலையில் என் காதுபடவே நைனாவிடம், "அவங்க எப்ப அவங்க ஊட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாய். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். உன் நைனா பின்னாலேயே வந்தார். "அயுவாத. இயுத்துப் புடிக்காத. அவனா வருவான்" என்றார். உன் அத்தை வந்தபோது எதுவும் குத்திச் சொல்லவில்லை. என்னைக் கட்டிக்கொண்டார். அது எனக்கு இன்னும் வலித்தது.

வாரங்கள் போயின. ஐப்பசி மழை பிடித்தது. மழைத்தண்ணீர் வீணாகிவிடக் கூடாதே என்று நான் கீழ்க்கழனியில் வேலையைத் தொடங்கினேன். அவர்களைப் போலக் குழாய் புதைக்க நமக்கு வழியில்லை. ஆழமாக வாய்க்கால் வெட்டி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விடலாம் என்பது என் கணக்கு. அப்பாவும் இரண்டு ஆட்களும் வெட்ட, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அளவு காட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நைனா உன்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நீ வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தாய். சேற்றில் என் ஒரு கால் முழங்கால் வரை புதைந்துவிட்டது. அதை இழுக்கப் போய் மறு காலும் வழுக்கி, பொத்தென்று வாய்க்காலுக்குள் உட்கார்ந்துவிட்டேன். முகம், தலை, எல்லாம் சேறு.

"நைனா! அம்மா உய்ந்துட்டா! நைனா, அம்மா உய்ந்துட்டா!"

கத்திக்கொண்டே ஓடி வந்தாய். வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். உன் நைனா ஓரடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு எழுந்திருக்கத் தெரியாதா என்ன? எழவில்லை. நீ இழுக்க இழுக்க, கனமாக உட்கார்ந்தே இருந்தேன். "எய்ந்திரும்மா, எய்ந்திரு" என்று நீ அழ ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன். வரப்பில் நின்ற என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்து, மழையைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கழனி என்ன ஆயிற்று என்று கேட்பாய். முழுசாக மீளவில்லை. மேற்குப் பாதி சில வருஷங்களில் நெல் பிடித்தது. கிழக்குப் பாதி கடைசிவரை வெளுத்தேதான் கிடந்தது. மேற்குப் பாதி நெல்லிலிருந்துதான் உன் காதுகுத்துக்குச் சோறு வடித்தோம். அப்பா பந்திக்குப் பந்தி போய், "நம்ம கீழ்க்கழனி அரிசிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு அந்த வருஷத்தில் ஒன்றுமே நினைவில்லை என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அந்த வயதில் நடந்தது யாருக்குத்தான் நினைவிருக்கும்? மீனாவுக்கும் இருக்காது.

ஆனால் நினைவு வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. போன வருஷம் உன் நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு காலை நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். ஜன்னல் வெயில் அவர் கால்மேல் விழுந்திருந்தது. நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். "நீ ஆலந்து போனியே, அந்த ஒரு வருசம்..." என்று ஆரம்பித்தார். பழைய கஷ்டத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அப்ப அவன் எனுக்கே எனுக்குனு இருந்தான்மா. என் வயித்து மேலதான் தூங்குவான். ஷெட்ல தராசு மேல குந்திக்கினு என்னியே பாத்துக்கினு இருப்பான். நான் வாழ்ந்ததுலியே நல்ல வருசம் அதான். அப்புறம் நீ வந்துட்ட" என்று சொல்லிச் சிரித்தார். "கோவம் இல்ல. சும்மா சொன்னேன்." இத்தனை வருஷத்தில் அதை ஒரு நாள்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் திரும்பி வந்தபோது உன்னை எனக்கு விட்டுக்கொடுக்க அவர் எதை இழந்தார் என்று அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. நீ மருந்தோடு வந்தாய், பேச்சு நின்றுவிட்டது. அதைப் பற்றி மறுபடி பேச நாளில்லாமலே அவர் போய்விட்டார்.

ஆகையால் ராஜா, கலையிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவள் போகட்டும். உனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும், உன் நைனாவுக்கும் இருந்திருக்கும். அந்த ஒரு வருஷத்தில் கலைக்குக் கிடைக்கப்போவதை நீ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாய், மீனாவுக்குப் போவதையும் கணக்குப் போட்டுவிட்டாய். உனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டையிலிருந்து காலை வண்டியிலேயே மீனாவைக் கூட்டிக்கொண்டு வா. கலை வரவேண்டாம், அவளுக்கு வேலை நிறைய இருக்கும். குழந்தைக்குத் தோள் தாண்டி முடி இறங்கிவிட்டது. உனக்கு ரெட்டைச் சடை பின்னத் தெரியாது, சிக்கெடுக்கும்போது வேரைப் பிடித்துக்கொள்ளவும் தெரியாது, அவள் கத்திவிடுவாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம். சீப்பும் ரிப்பனும் நான் எடுத்து வைக்கிறேன்.

அம்மா